ஹாரன் அடிக்காத வளைவு

சித்தேரி மலைக்கு மொபெட்டில் புறப்பட்ட முதல் நாளே, அடிவாரத்து டீக்கடையில் பஸ் டிரைவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நர்சம்மா, மூணாவது வளைவுல மட்டும் ஆரன் அடிச்சிராதீங்க. அங்க செத்தவங்க நெறைய. கூப்புடறதா நெனச்சிக்கிட்டு பின்னாடியே வந்துரும்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு அந்த மலையில் மொபெட் ஓட்டிய ஒரே பெண்ணும் நான்தான். சிரித்துக்கொண்டே கிளம்பினேன். ஆனால் வளைவு வந்ததும் கட்டைவிரல் தானாக ஹாரன் பட்டனை விட்டு விலகியது. அதன்பின் நானும் எல்லோரையும் போல அங்கே சத்தமில்லாமல்தான் போனேன்.

எல்லோரையும் போல இன்னொன்றும் செய்தேன். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைத்து வண்டியை உருளவிடுவேன்.

ஒரு மார்கழியில், மேலே தங்கி ஊசி போட்டுவிட்டுக் காலையில் இறங்கினேன். பத்தடிக்கு மேல் கண் தெரியாத பனி. வழக்கம்போல எஞ்சினை அணைத்து, ஓரமெல்லாம் சரளை என்பதால் நடுரோட்டில் வந்தேன். மூன்றாவது வளைவில் முதுகுக்குப் பின்னால் ஏதோ முனகியது. எஞ்சின் சத்தம் இல்லை. வேகம் குறைத்தேன், நெருங்கியது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. நான்தான் ஹாரன் அடிக்கவில்லையே, ஏன் வருகிறது என்றுதான் நினைத்தேன்.

அப்போது பிரேக் காந்துகிற வாடை வந்தது. பேய்க்கு பிரேக் கிடையாது.

பட்டனை அமுக்கினேன். சத்தமே வரவில்லை. அந்த மொபெட்டில் பேட்டரி இல்லை. எஞ்சின் ஓடினால்தான் ஹாரன். பெடலை மிதித்தேன். எஞ்சின் இருமிப் பிடித்தது, ஹாரன் அலறியது. சரளைப் பக்கம் சாய்ந்தேன். எஞ்சினை அணைத்து உருண்டுவந்த மூங்கில் லாரி ஒன்று என் கைப்பிடியை உரசிக்கொண்டு பனிக்குள் போனது. முனகியது அதன் மூங்கில்தான்.

டிரைவர் லாரியைக் கீழே நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"ஆளு போறதே தெரியலீங்க. ஆரன் கேட்டப்புறந்தான் வண்டிய ஒடிச்சித் திருப்புனேன்."

நீங்கள் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன்.

"இந்த வளைவுல யாருங்க அடிப்பா?"

அன்றிலிருந்து இறக்கத்தில் எஞ்சினை அணைத்ததில்லை. இடது ஓரம்தான், மெதுவாகத்தான். அந்த வளைவில் மூன்று முறை ஹாரன். டீக்கடையில் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

தை மாதம், பனி மூடிய இன்னொரு காலையில், நான் அடித்து முடித்ததும் மேலேயிருந்து பதிலுக்கு ஒரு ஹாரன் கேட்டது. அந்த வளைவில் அதுவரை நான் கேட்டிராத சத்தம். உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒதுங்கி நின்றேன். அதே மூங்கில் லாரி, எஞ்சின் உறுமிக்கொண்டே மெல்ல இறங்கி வந்தது.

இப்போது வண்டி பழகும் புது நர்ஸ்களுக்கு அந்த வளைவில்தான் முதல் பாடம். ஹாரன் அடித்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்க்கச் சொல்வேன். லாரிக்காகத்தான் என்றும் சொல்லிவிடுவேன்.