அக்கரைக்கு இரண்டு விரல் உயரம்

மாவட்டம் சின்னது. மலையடிச் சுண்ணாம்புச் சூளையில் காலையில் பேருந்து ஏறினால், வெயில் உறைப்பதற்குள் ஆற்றங்கரையில் இறங்கிவிடலாம். இடையில் ஒரே சாலை, ஒரே மருத்துவமனை, சோளக்காடு, பிறகு காவல் சாவடி. அதற்கப்பால் ஆறு. ஆறுதான் எல்லை.

எந்தக் காலத்திலோ யாரோ வரைபடத்தில் "நீரோட்டத்தின் நடுவே" என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஆற்றுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு பெருவெள்ளத்தில் அது பழைய தடத்தை விட்டுவிட்டு, கரையோரக் குடியிருப்பு ஒன்றின் முதுகுப்பக்கமாகக் குறுக்கே ஓடிப் புதுத் தடம் வெட்டிக்கொண்டது. இந்த நாட்டில் படுத்தவர்கள் அந்த நாட்டில் எழுந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், பேசினார்கள். கடைசியில் ஆறு சொன்னதே சரி என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டன.

அப்படி அக்கரைக்குப் போன வீடுகளில் ஒன்றில் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். பள்ளியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் இக்கரையில் ஒரு குட்டைப் பெண். வெள்ளம் ஒரு பெஞ்சை இரண்டு நாடாக்கியது. பல வருடம் கழித்து, புருஷனை இழந்து கைக்குழந்தையோடு நின்ற குட்டைக்கு ஆற்றின் நீர்மட்டம் பார்க்கும் வேலை கிடைத்தது. முதல் நாள் படியில் இறங்கினால் எதிர்க்கரைப் படியில் அதே வேலைக்கு நெட்டை நிற்கிறாள்! அன்று இரண்டு பேரும் கத்திய கத்தலில் காவல் சாவடிக்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததாகச் சொல்வார்கள்.

அந்தக் கைக்குழந்தை வளர்ந்து மின் பொறியாளரானாள். நீர்மின் நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. இப்போது அம்மாவை எரித்துவிட்டு, அம்மாவின் இரண்டு அறைக் குடியிருப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஒரு விடியற்காலையில், எதிர்க்கரையில் ஆள் வருவதற்கு முன்பே, அம்மா படியிலேயே மயங்கி விழுந்திருந்தாள். மகள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது கண் திறக்கவில்லை. உயிர் போனதும் எரித்ததும் அங்கேயே முடிந்தது. துறை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்: "மாத்து ஆள் வர்ற வரைக்கும் நீங்களே பாத்துக்க முடியுமா? மழைக்காலம். ஆள் இல்லாம விடக்கூடாது." குழந்தையைப் புருஷன் பார்த்துக்கொள்வான். இவளுக்கும் வேறெங்கும் போகத் தோன்றவில்லை. சரி என்றாள்.

வேலை இதுதான். படியோரம் நட்ட அளவுக்கம்பத்தில் தண்ணீர் எங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும். எதிர்க்கரைக்காரிக்குச் சொல்ல வேண்டும். அவள் சொல்வதையும் வாங்கி, வயர்லெஸ்ஸில் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். இரண்டு கரைக்கும் நடுவே படகு கிடையாது, தொலைபேசித் தொடர்பு கிடையாது. ஆனால் வெள்ளத்துக்கு நாடு தெரியாது என்பதால், நீர்மட்டம் பார்ப்பவர்கள் மட்டும் கரை விட்டுக் கரை பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. நீர்மட்டம் பேசத்தான் அனுமதி. அந்த இரண்டு பேரும் நீர்மட்டத்தை முதல் மூச்சிலேயே பேசி முடித்துவிடுவார்கள்.

"உங்கம்மா இருந்தவரைக்கும் எனக்கு ரேடியோவே வேணாம்மா" என்றார் சாவடிக்காரர். "ரெண்டு பேரும் சேந்தா ஊர் சிரிப்பு இங்கதான்."

மகள் தன் அம்மா சிரித்துக் கேட்டது குறைவு. பட்டமளிப்புக்கு அம்மா வரவில்லை: "தண்ணி ஏறுது." பேத்தி பிறந்தபோது ஒரு நாள் வந்தாள். மறுநாள் காலையிலேயே பை தயாராக இருந்தது: "தண்ணி ஏறுதாம்." தொலைபேசியில் பேசினால் நாலு வார்த்தை. மிச்சமெல்லாம் அக்கரைக்கு. சின்ன வயதில் ஒருமுறை இவள் கேட்டிருக்கிறாள், ஏன் அக்கரையில் தண்ணீர் எப்போதும் இரண்டு விரல் உயரமாக இருக்கிறது என்று. "ஆறு வளையிற இடம்ல. வெளிப்பக்கம் ஏறித்தான் நிக்கும்" என்றாள் அம்மா. பின்னால் பாடத்திலும் அதையே படித்தாள். ஆனாலும் அன்றைக்கே மனதுக்குள் வேறு விதமாக எழுதிக்கொண்டாள்: ஆறுகூட அவள் பக்கம்தான்.

"அந்தம்மாவுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டார் சாவடிக்காரர்.

"சொல்லிக்கலாம்."

"நான் சொல்லக்கூடாதும்மா. எனக்கு அனுமதி இல்ல. நீதான் சொல்லணும்."

அந்த வார்த்தை மகளுக்குத் தித்தித்தது. அம்மாவைப் பற்றி இவளுக்குத் தெரிந்து அக்கரைக்குத் தெரியாத ஒரே விஷயம் இது. அதையும் தூக்கிக் கொடுப்பானேன்?

அடைமழை. அம்மாவின் மஞ்சள் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஆற்றின் இரைச்சலில் தன் குரலே தன் காதில் விழவில்லை. இந்த நாட்களில் கைதான் பேசும். கை மேலே போனால் ஏறுகிறது, பக்கவாட்டில் நீண்டால் நிற்கிறது, கீழே காட்டினால் வடிகிறது. எதிரில் நெட்டை இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக் குதித்தாள். சில நாளாக ஆளைக் காணோம், இதோ வந்துவிட்டாளே என்ற குதிப்பு.

மகள் கையை மேலே தூக்கினாள். நெட்டையும் தூக்கினாள். வேலை முடிந்தது. ஆனால் நெட்டை போகவில்லை. குனிந்து தன் முட்டியைத் தேய்த்தாள். பிறகு கையை விரித்து, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

முட்டியா? அம்மாவுக்கு முட்டி வலியா? பெற்ற பெண்ணுக்குத் தெரியாதது ஆற்றைத் தாண்டித் தெரிந்திருக்கிறது. மகளுக்கு வயிறு எரிந்தது. காலைத் தூக்கிக் காற்றில் ஓங்கி ஓர் உதை விட்டுக் காட்டினாள்: நன்றாக இருக்கிறது, போ.

நெட்டையின் விரித்த கை மெல்ல இறங்கியது. பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள். மகள் திரும்பிப் பார்க்காமல் ஏறி வந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நெட்டை கை காட்டினாள். இவளும் காட்டினாள். முட்டியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. இறந்தவளை இன்னும் கொஞ்ச நாள் தன்னிடமே வைத்திருக்கிற மாதிரி இருந்தது மகளுக்கு.

மழை விட்டது. தண்ணீர் வடிந்து, இரைச்சல் அடங்கியது. வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்: "மாத்து ஆள் நாளைக்கு வர்றார்." அப்பாடா, சொல்லாமலே கிளம்பிவிடலாம் என்று மகள் கடைசித் தடவையாகப் படியிறங்கினாள்.

"ஏய், சின்னக் குட்டை!" அக்கரையிலிருந்து குரல் வந்தது. "அந்த மஞ்சச் சட்டையைக் கழட்டுடி. மழைதான் நின்னுபோச்சே, இன்னும் எதுக்கு வேஷம்?"

மகள் பாதிப் படியில் நின்றாள். "எப்படித் தெரியும்?"

"முட்டி வலிக்காரி எவடி நேரா படியிறங்குவா? உங்கம்மா நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் இறங்குவா. நீ தடதடன்னு வந்தே. சரி, புது மருந்து கேட்டுடுச்சு போலன்னு எனக்கு ஒரு நப்பாசை. முட்டி எப்படின்னு கேட்டா, கழுதை மாதிரி உதைச்சுக் காட்டறே!"

"அப்புறம் ஏன் தினமும் கை காட்டினீங்க?"

"நீயா சொல்லுவேன்னுதான். பெத்த பொண்ணு சொல்லாம நானா எப்படிடி அழறது?"

சாவடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் வாயைத் திறந்தாள். இதுவரை இவள் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் இவளிடம் சொன்னார்கள்.

"அம்மா செத்துட்டாங்க."

"கேக்கல."

"அம்மா செத்துட்டாங்க!" ஆறு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

நெட்டை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உடம்பு குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. மகளுக்கு அந்த அழுகைமீதும் பொறாமையாக இருந்தது. இவளுக்கு அது இன்னும் வரவில்லை.

"முப்பது வருஷம் அப்படி என்னதான் பேசினாங்க உங்ககிட்ட?" என்று கேட்டாள். கேட்டது சண்டைக்கு இழுப்பதுபோலத்தான் வந்தது.

"என்ன பேசினாளா? உனக்குப் பேச வேண்டியதைத்தான். நீ பெரிய படிப்புக்காரி. போன் போடறதுக்கு முந்தி எங்கிட்ட முழுசா சொல்லிப் பாப்பா. 'இது சரியா இருக்கா நெட்டை, இப்படிச் சொன்னா சிரிப்பாளா'ன்னு. நானும் வேலையத்துப்போய்க் கேட்டுக்கிட்டு நிப்பேன். மறுநாள் 'சொன்னியாடி'ன்னு கேட்டா, 'பாதிதான் சொன்னேன், அவளுக்கு வேலை இருக்காம், வெச்சுட்டா'ம்பா. எனக்கு உன்மேல எவ்வளவு ஆத்திரம் தெரியுமா! எம்பொழுதை எல்லாம் நீ தின்னியேன்னு."

"மீதிப் பாதி?"

"எங்கிட்டதான் இருக்கு."

"சொல்லுங்க."

"உடனே வேணுமா மகாராணிக்கு? தொண்டை கட்டிக்கிச்சு. நாளைக்கு வா. மெதுவா இறங்கி வா, வழுக்கும்."

மகள் குனிந்து கம்பத்தைப் பார்த்தாள். எண்கள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நெட்டை தன் மட்டத்தைச் சொன்னாள். அக்கரை அதே இரண்டு விரல் உயரம்.

மேலே வந்து வயர்லெஸ்ஸை எடுத்தாள். மட்டத்தைச் சொன்னாள். "சரிங்க, நாளைக்கு மாத்து ஆள்..." என்று தொடங்கியது அலுவலகக் குரல்.

"இப்ப அனுப்பாதீங்க. நான் இருக்கேன்."

"அதான் வடிஞ்சிடுச்சேம்மா?"

"இல்ல" என்றாள் மகள். "தண்ணி ஏறுது."