மூன்று வயது குறைந்தவள்

வயதில் மூன்றைக் குறைத்துச் சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் வாயெல்லாம் பல்லாகிவிடும். பர்காஹும் மட்டும் கெஸ்ரா ரொட்டி வைத்திருந்த தட்டைத் தூக்கி அக்காவின் தலையைப் பார்த்து வீசினாள். குறி தப்பி, ரொட்டி சுவரில் மோதி விழுந்தது. ஓட்டத்தில் இருந்த திறமை அவளுக்கு வீச்சில் இருந்ததில்லை.

அரபு பேசும் மலையூரான பத்னாவில் பர்காஹுமைத் தெரியாதவர்கள் குறைவு, பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. அரசாங்கப் பேப்பர்படி எழுபத்தைந்து வயது. பேருக்குப் பொருள், 'இதுகளோடு போதும்.' நான்காவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் அப்பா வைத்தது. நம் பக்கத்தில் போதும்பொண்ணு என்று வைப்பதில்லையா, அதேதான்.

அவள் ஓட ஆரம்பித்ததே ஒரு சண்டையில்தான். புருஷன் செத்த வருடம், மார்க்கெட் வாசலில் அவள் கை காட்டியும் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். கிழவிதானே, அடுத்த பஸ்ஸில் வரட்டும் என்ற இளக்காரம். ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் தூக்கிப் பிடித்த பாவாடை. மூன்றாவது நிறுத்தம் வரை ஓடி, பஸ்ஸைப் பிடித்து டிரைவர் பக்கக் கண்ணாடியில் ஓங்கி அறைந்தாள்.

"ஏண்டா, கண்ணு அவிஞ்சா போச்சு?"

முழுசாகத் திட்டி முடித்த பிறகுதான் தனக்கு மூச்சே வாங்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. மறுநாள் காலையில் மகனுடைய பழைய டிராக் சூட்டை மாட்டிக்கொண்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போனாள். ஊர் சிரித்தது. சிரித்தவர்களின் பேரையெல்லாம் அவள் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வாள்.

வீட்டில் அக்கா மஸூதா. வயது எண்பத்தொன்று, சர்க்கரையில் கால் வீங்கி உட்கார்ந்த இடமே கதி. இருவரும் விதவையான பிறகு ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி. தங்கை காலையில் ஓடிவிட்டு வேர்வையோடு வந்து நிற்பதைப் பார்த்தாலே அக்காவுக்கு வயிறு எரியும். நடக்க முடியாதவள் முன்னால் வந்து தொடையைத் தட்டிக் காட்டினால் யாருக்குத்தான் எரியாது? பர்காஹும் தட்டிக் காட்டுவாள்.

வெளியே ஒரு எதிரி இருந்தாள். செத்தீஃப் ஊர்க்காரி ஸலீஹா, எழுபத்தொரு வயது, விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முதியோர் ஓட்டத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு பிரிவு. போன வருடம் எழுபது வயதுப் பிரிவில் ஸலீஹா பர்காஹுமை நான்கு தடவை தோற்கடித்தாள். இந்த வருடம் பர்காஹும் எழுபத்தைந்துக்கு ஏறினாள். அங்கே அவள்தான் இளசு. ஏறிய கையோடு ஆயிரத்து ஐநூறு மீட்டரில் அந்தப் பிரிவின் தேசியச் சாதனையை முறியடித்தாள். பத்திரிகையில் படம் வந்தது.

அன்றைக்கு ஸலீஹா வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்க வந்தாள். "மப்ரூக், ஹஜ்ஜா. என்கிட்ட தோத்துட்டு, பாதிப் பேரு செத்துப்போன கூட்டத்துல போயி ஜெயிச்சிருக்கீங்க."

பர்காஹும் மக்காவுக்குப் போனவள் இல்லை. வயதானவளை அந்த ஊரில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஸலீஹாவின் வாயில் மட்டும் அது வசவு மாதிரி ஒலித்தது.

"எழுபத்தஞ்சு வரைக்கும் உயிரோட இருக்கறதும் ஒரு ஓட்டம்தாண்டி. நீ அதை ஓடிக் காட்டிட்டு வந்து பேசு" என்றாள் பர்காஹும்.

அந்த பதில் அவளுக்கே அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எழுபத்தஞ்சுல எவ ஓடுவா, எழுபத்தஞ்சுல எவளுக்கு இந்தக் காலு இருக்கு. ரொட்டி தின்றுகொண்டிருந்த மஸூதாவுக்குப் பொறுக்கவில்லை.

"எதுடீ எழுபத்தஞ்சு? அந்தப் பேப்பர்ல இருக்கற பர்காஹும் கபர்ல இருக்கா."

"என்ன உளர்ற?"

"உனக்கு முன்னாடி பொறந்தவ அவ. மூணு வயசுல கக்குவான்ல போயிட்டா. அந்தப் பனியிலயே நீ வந்து பொறந்த. போதும்னு பேரு வச்சும் நிக்கல பாரு! டவுனுக்குப் போய் எழுதணும்னா ஒரு பகல் பூரா நடக்கணும். அப்பா அவ சாவையும் எழுதல, உன் பொறப்பையும் எழுதல. பேப்பருதான் இருக்கேன்னு அதையே உனக்கு வச்சுக்கிட்டாரு. உனக்கு எழுபத்திரண்டுதாண்டீ, போக்கத்தவளே!"

தட்டு பறந்தது அப்போதுதான்.

அந்த மலைப்பக்கத்தில் இது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. செத்த பிள்ளையின் பேப்பரோடு அடுத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும், பட்டாளத்தில் சேரும், கல்யாணம் பண்ணிக்கொள்ளும். யாருக்கும் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பர்காஹுமுக்குத்தான் நெஞ்சில் முள் தைத்த மாதிரி ஆகிவிட்டது. ஸலீஹா சொன்னது உண்மையாகிவிட்டதே! எழுபத்திரண்டு வயதுக்காரி, மூத்த கிழவிகளோடு ஓடி மெடல் வாங்கியிருக்கிறாள். எழுபத்தைந்தில் ஓடிக் காட்டு என்று சவால் விட்ட வாய், எழுபத்தைந்தைப் பார்த்ததே இல்லை. இதை நேர்மை என்று சொல்லி யாரும் அவளுக்கு மாலை போட வேண்டாம். ஸலீஹாவின் பேச்சு பலிப்பதை அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து ஓரான் நகரத்தில் தேசியப் போட்டி. பர்காஹும் நேராகப் பதிவு மேஜைக்குப் போனாள். கழுத்தில் விசிலோடு லக்தர் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தான்.

"என் வயசு தப்பு. எனக்கு எழுபத்திரண்டு. என்னை எழுபதுல போடு."

லக்தர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "வயச ஏத்திப் போடச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க ஹஜ்ஜா. எறக்கச் சொல்லி வந்தது நீங்கதான்."

"நான் பொய்யா சொல்றேன்?"

"பேப்பர்ல இருக்கறதுதான் வயசு. கோர்ட்டுல மாத்திக்கிட்டு வாங்க, ரெண்டு வருஷம் ஆகும். இப்பப் போயி ஓடுங்க. ஆளு கம்மி, ரெண்டு பிரிவையும் ஒண்ணாத்தான் ஓட விடறோம்."

அந்தக் கடைசி வார்த்தையில் அவளுக்கு உயிர் வந்தது. ஒன்றாக ஓடி ஸலீஹாவை முந்திவிட்டால் எந்தப் பிரிவில் போட்டாலும் அவள்தான் முதல். அப்புறம் எந்த வயதைச் சொல்லி எவள் வாய் திறப்பாள்?

எட்டுப் பேர், மூணே முக்கால் சுற்று. முதல் சுற்றிலேயே பர்காஹும் ஸலீஹாவின் முதுகில் ஒட்டிக்கொண்டாள். காலை மிதிக்கிற நெருக்கம்.

"உங்க ஆளுங்க பின்னாடி வர்றாங்க ஹஜ்ஜா, இங்க என்ன வேலை?" என்றாள் ஸலீஹா, திரும்பாமலே.

"வாய மூடிக்கிட்டு ஓடு!"

மூன்றாவது சுற்றில் ஸலீஹா வேகத்தைக் கூட்டினாள். பர்காஹுமின் வலது முட்டி கத்தியது, அவள் அதையும் திட்டினாள். கடைசி வளைவில் வெளிப்பக்கமாக ஏறி, தோளோடு தோள் வந்துவிட்டாள். ஸலீஹா முழங்கையை அகட்டினாள். இவளும் அகட்டினாள். கேலரியில் உட்கார்ந்திருந்த ஓரான்காரர்கள் எழுந்துவிட்டார்கள். கோட்டுக்குப் பத்து மீட்டர் இருக்கும்போது பர்காஹும் முன்னால் இருந்தாள். கோட்டில் ஸலீஹா முன்னால் இருந்தாள். வித்தியாசம் ஒரு முழம்கூட இல்லை.

இரண்டு பேரும் புல்லில் விழுந்து கிடந்தார்கள். ஒலிபெருக்கி அலறியது: எழுபத்தைந்து வயதுப் பிரிவில் தங்கம், பர்காஹும், பத்னா. தன் சாதனையைத் தானே ஒன்பது விநாடி வித்தியாசத்தில் முறியடித்திருக்கிறார்.

"கூப்பிடறாங்க, போங்க" என்றாள் ஸலீஹா, மூச்சிரைப்புக்கு நடுவே. "அங்க உங்களை அடிக்க ஆளே இல்ல."

"உன்கிட்ட தோத்தவளுக்கு எதுக்குடீ தங்கம்?"

பர்காஹும் மேடைக்குப் போகவில்லை. மறுபடி லக்தரின் மேஜைக்குப் போனாள். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"எழுதிக் குடுத்தீங்கன்னா இன்னைக்கு மெடல் போயிடும். சாதனையும் போயிடும், முன்ன பண்ணதும் இன்னைக்குப் பண்ணதும். பேப்பர் சரியாகற வரைக்கும் எங்கயும் ஓட முடியாது. யோசிச்சுக்குங்க. யாரும் புகார் குடுக்கல."

"நான்தான் குடுக்கறேனே, காதுல விழலயா?"

அவன் ஒரு தாளை நீட்டினான். முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவள் அவள். மேஜையில் குனிந்து பேனாவைப் பிடித்தாள். ஸலீஹா துண்டைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"முதல்ல பேரு" என்றான் லக்தர். பிறகு அவனுக்கே ஏதோ தட்டுப்பட்டது. "பர்காஹும்ங்கறது செத்துப்போனவங்க பேருன்னா, உங்க பேரு என்ன?"

அவள் இதை யோசித்திருக்கவில்லை. அவனுடைய போனைக் கிட்டத்தட்டப் பிடுங்கி வீட்டுக்கு அடித்தாள்.

"அக்கா, எனக்கு என்ன பேரு வச்சாங்க?"

"என்னடீ ஆச்சு? தோத்துட்டியா?"

"தோத்துட்டேன். என் பேரு என்ன, அதைச் சொல்லு."



"வைக்கல" என்றாள் மஸூதா. "பேப்பர்ல ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்குன்னு அப்பா சொல்லிட்டாரு. அம்மாதான் ரொம்ப நாளு உன்னை அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாமயே வளத்தா."

பர்காஹும் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பேருக்கான கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். வயது என்ற இடத்தில், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, எழுபத்திரண்டு என்று எழுதினாள்.