வாய் மூடாத மீனும் அதன் குஞ்சுகளும்

மருதானையில், பல் வைத்தியர்களுக்குச் செயற்கைப் பல் செட் செய்து கொடுக்கிற சின்ன லாப் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். நாள் முழுக்க மெழுகிலும் பிளாஸ்டரிலும் மற்றவர்களின் வாய்களைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அதனால் தெஹிவளை மீன் கடையில் அந்தச் செம்மஞ்சள் மீனைக் கண்டபோது என் கண் நேரே அதன் வாய்க்குத்தான் போனது.

அன்று மனைவிதான் என்னைக் கூட்டிப்போயிருந்தாள். கால் முறிந்து மூன்று மாதம் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குள்ளேயே கிடந்தவள். காலில் போட்டிருந்த மாவுக்கட்டுப் பத்தைக் கழற்றியதும் முதல் வேலையாக, "ஹோலில அசையிற ஏதாவது ஒண்டு வேணுமப்பா. டிவி பாத்தது போதும்" என்று திரீவீலரைக் கூப்பிட்டுவிட்டாள்.

தோடம்பழம் போல உருண்ட மீன். வாய் மட்டும் ஒரு சின்னக் கீறல். மேல்தாடையும் கீழ்த்தாடையும் சந்திக்கவே இல்லை. எங்கள் லாப்புக்கு அப்படி ஒரு அச்சு வந்திருந்தால், பிழையாக எடுத்திருக்கிறார்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பேன். கடைக்காரர் சிங்களவர். எங்களுக்காகத் தமிழில் சொன்னார்.

"இது பரட், கிளி மீன், மாத்தயா. ரெண்டு சாதி சிக்லிட் மீனைச் சேத்து மனுசன் செஞ்சது. வாய் அப்பிடித்தான், மூடாது. முட்டை போடும். குஞ்சு வராது."

மனைவி பரட் இரண்டு கேட்டாள். அதோடு, செம்மஞ்சளில் மை தெளித்தது போன்ற பீக்கொக் என்கிற மீன் நான்கு. அவையும் கலப்புத்தானாம். கடைசியாகக் கடைக்காரர் சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட, கலப்பில்லாத ஒரு சின்ன மீனையும் தன் பாட்டில் பைக்குள் போட்டுவிட்டார்.

ஹோலில் வாங்கி வைத்த நாலடித் தொட்டியில் எல்லாம் சேர்ந்து வாழப் பழகின. சில மாதங்களில் பெண் பரட், தொட்டிக்குள் வைத்திருந்த ஒரு மண்சட்டியின் உட்புறத்தைச் சுத்தம் செய்து முட்டையிட்டது. மற்றப் பரட் பக்கத்தில் நின்றது. மூன்றாம் நாள் முட்டைகள் எல்லாம் சுண்ணாம்பு போல வெளுத்துவிட்டன. அதன் பிறகும் தாய் செட்டையால் விசிறிக்கொண்டே நின்றது. அடுத்த முறையும் அப்படியே.

"அதுக்கு விளங்கேல்லை, பாவம்" என்றாள் மனைவி. அன்று அவள் சாப்பிடவே பிந்திவிட்டது.

மூன்றாம் முறை சட்டிக்குப் பக்கத்தில் நின்றது பட்டை மீன். பரட்டின் பாதி உடம்புகூட இல்லாதது, பெரிய ஆண் பரட்டைத் துரத்தித் துரத்தி மூலைக்குள் ஒதுக்கியிருந்தது. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் இந்த முறை முட்டைகள் வெளுக்கவில்லை. தேன் நிறத்திலேயே இருந்தன.

மூன்றாம் நாள் காலை, ரயிலுக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இஞ்ச வாங்கோ! கெதியா வாங்கோ! முட்டையெல்லாம் வால் ஆட்டுது!"

ஒரு காலில் சப்பாத்தோடு ஓடினேன். ஊசிமுனை அளவு உயிர்கள், நூறோ இருநூறோ, சட்டியில் ஒட்டியபடி துடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய் குனிந்து அவற்றில் சிலவற்றை வாய்க்குள் எடுத்தது.

"ஐயோ, தின்னுது!" மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தின்னவில்லை. கற்களுக்கிடையில் தோண்டி வைத்திருந்த பள்ளத்துக்குக் கொண்டுபோய் மெல்லத் துப்பியது. தாடை சேராத வாயால் உறிஞ்சுவதும் கடினம், பிடித்து வைத்திருப்பதும் கடினம். இது என் தொழில், எனக்குத் தெரியும். போகும் வழியில் பாதிக் குஞ்சுகள் அந்தத் திறந்த வாயால் வெளியே விழுந்தன. அது நின்றது, திரும்பியது, விழுந்ததைத் தேடி எடுத்தது, மறுபடி போனது. அதற்குள் பட்டை மீன், நெருங்கி வந்த நான்கு பீக்கொக்குகளையும் இடித்து விரட்டியது. சட்டி வெறுமையாகும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தாயைப் பார்த்துப் பழகுவதற்கு, அதன் சாதியில் முன்னால் குஞ்சு வளர்த்த ஒரு தாயே இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. லாப்புக்கு ஃபோன் பண்ணி, இன்று வரமாட்டேன் என்றேன். போட்டிருந்த ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றினேன்.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. பம்ப் நின்றது, குமிழிகள் நின்றன. பெரிய மீன்கள் மேலே வந்து காற்றுக்குத் தவிக்கத் தொடங்கின. மனைவி நொண்டியபடி குசினிக்குப் போய் ஜக்கோடு வந்தாள். தொட்டித் தண்ணீரையே அள்ளி உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினோம். அவள் கை ஓய்ந்தால் நான், நான் ஓய்ந்தால் அவள். இரண்டு மணித்தியாலம். தாய்ப் பரட் மட்டும் மேலே வரவில்லை. பள்ளத்தின் மேலேயே நின்று விசிறிக்கொண்டிருந்தது.

கரண்ட் திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில், பள்ளத்திலிருந்து புகை எழும்புவது போல ஏதோ எழும்பியது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியிருந்தன. தாய் முன்னால் போக அந்தப் புகை பின்னால் போனது. பீக்கொக் ஒன்று நெருங்கியபோது தாய் உடம்பை ஒரு முறை உதறியது. அந்தக் கணமே முழுக் கூட்டமும் கல்லோடு கல்லாக அடியில் ஒட்டிக்கொண்டது. எங்கள் இரண்டு பேரின் உடுப்பும் நனைந்திருந்தது. மனைவி அழுகிறாளா என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து கொடுத்து வளர்த்தோம். எல்லாம் தப்பவில்லை. ஒவ்வொரு காலையும் கூட்டம் கொஞ்சம் மெலிந்திருக்கும். பதினொன்று மிஞ்சின. முதலில் எல்லாமே சாம்பல். நான்காம் மாதத்தில் ஒன்றின் வயிற்றில் செம்மஞ்சள் கசியத் தொடங்கியது, பிறகு இன்னொன்றில். இன்று ஐந்து செம்மஞ்சள், மூன்று பட்டை, மிச்சம் மூன்றுக்கு நான் இன்னும் பெயர் கண்டுபிடிக்காத ஒரு நிறம்.

ஒன்றையும் யாருக்கும் கொடுக்க மனைவி சம்மதிக்கவில்லை. ஹோலில் இப்போது இரண்டு தொட்டிகள். இடம் காணாமல் சோபா செட்டியைப் பல்கனிக்குத் தள்ளிவிட்டோம். வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். பெரும்பாலும் கோப்பை ஆறிப்போகிறது.