காதால் கேட்ட சாட்சி

கொக்கி நடந்துபோகும்போது திடீரென்று இடது பக்கமாக ஒரு எட்டு தள்ளி நிற்பான். பின்னால் சைக்கிள் வராது, வண்டி வராது, ஒரு ஈ காக்காகூட வராது. ஆனாலும் தோளைக் குறுக்கிக்கொண்டு, யாருக்கோ வழி விடுகிற மாதிரி நிற்பான். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல நடையைக் கட்டுவான்.

கடைத்தெரு, பஸ் வரிசை, குழாயடி என்று அதற்கு இடம் பொருள் கிடையாது.

"யாருக்குங்க வழி விடுறீங்க?" என்று அவன் மனைவி முதல் தடவை கேட்டாள்.

"யாருக்கும் இல்ல. நீ நட."

அவள் திரும்பிப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. அவள் முகம் சுண்டிப்போனதைக் கொக்கி பார்த்தான். அதற்கப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் அவன் தள்ளி நிற்கும்போதெல்லாம் அவளுடைய வளையல் சத்தம் நின்றுபோகும்.

அவனுக்கு வேலை இரும்புக் கிடங்கில். கூரையை ஒட்டி ஒரு கிரேன் ஓடும். கீழே நிற்பவர்கள் குழாய்க் கட்டுக்குப் பெல்ட்டைச் சுற்றி, கிரேன் கொக்கியில் மாட்டி, மேலே கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குக் கை காட்ட வேண்டும். காது கிழியும் சத்தத்தில் அங்கே வாய்க்கு வேலை இல்லை, கைதான் பேசும். கொக்கி மாட்டுகிறவன் என்பதால் கொக்கி. ஆனால் பேர் அதற்காக மட்டும் வரவில்லை. யார் என்ன பேசினாலும் குறுக்கே ஒரு கேள்வியைப் போட்டு ஆளை அந்தரத்தில் தொங்கவிட்டுவிடுவான். பேச்சில் கொக்கி போடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

அவனோடு ஜோடியாக வேலை பார்த்தவனுக்கு ஸ்தோத்திரம் என்று பேர். அதுவும் மற்றவர்கள் வைத்த பேர்தான். டீ வந்தால் ஸ்தோத்திரம், மழை நின்றால் ஸ்தோத்திரம், சம்பளம் தள்ளிப்போனாலும் ஸ்தோத்திரம் என்பான்.

முன்பெல்லாம் அவன் அப்படியில்லை. கொக்கியை அவன் கூப்பிட்டதெல்லாம் "சனியனே" என்றுதான். "பெல்ட்ட இழுடா சனியனே." "சாப்பிட்டியாடா சனியனே." கொக்கி உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "செத்துகித்துத் தொலைச்சிடாதடா சனியனே" என்று சொன்னவன். பெற்ற தாய் வைத்த பேரைவிட அந்தச் சொல் கொக்கிக்கு ஒட்டிப்போயிருந்தது.

பிறகு ஒரு மழை நாளில் ஸ்தோத்திரம் டயர்க்கடை ஓரமாக ஒதுங்கினான். சாரல் அடிக்கவே மாடிப்படியில் ஏறினான். மேலே ஒரு சின்ன சபை. யாரோ தலை துவட்ட ஒரு துண்டு கொடுத்தார்கள். யாரு, என்ன, எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜெபம் செய்ததோ பாட்டுப் பாடியதோ அவனைப் பிடித்து இழுக்கவில்லை, அந்தத் துண்டுதான் இழுத்தது. "அது காய்ஞ்ச துண்டுடா. அவங்க தலையே ஈரமா இருந்துச்சு. இருந்த ஒரே துண்ட எனக்குக் குடுத்துட்டாங்க" என்று மறுநாள் சொன்னான். அதுதான் அவன் கடைசியாகச் சொன்ன "டா" என்று கொக்கி நினைத்திருந்தான்.

ஏனென்றால் அடுத்த மாதமே ஆள் அடியோடு மாறிவிட்டான்.

"பிரதர், பெல்ட்டைக் கொஞ்சம் இழுங்க."

கொக்கி பின்னால் திரும்பிப் பார்த்தான். "யோவ், யார்கிட்ட பேசுற? எனக்குப் பின்னாடி ஆபீசர் யாராச்சும் நிக்கிறாரா?"

"உங்ககிட்டதான், பிரதர்."

"பிரதராம். நாக்குல வெண்ணெய் தடவிக்கிட்டு வந்திருக்கான். பழைய மாதிரி கூப்பிடுய்யா."

"அந்த வார்த்தைய விட்டுட்டேன். அது சபிக்கிற வார்த்தை."

கொக்கிக்குச் சுருக்கென்றது. சாராயத்தை விடு, பீடியை விடு, யார் வேண்டாம் என்றது? தன்னையும் சேர்த்துக் கழித்துக் கட்டிவிட்டதுபோல இருந்தது. அந்தக் கடுப்பில்தான் சாப்பாட்டு நேரத்தில் அவன் எதைச் சொன்னாலும் இவன் கொக்கி போட ஆரம்பித்தான்.

அன்றைக்கும் அப்படித்தான். இரும்புப் பிளேட் அடுக்கின்மேல் உட்கார்ந்து நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்குப் பதிலா ஒருத்தர் செத்தாரு, பிரதர்" என்றான் ஸ்தோத்திரம்.

"நான் சாகச் சொன்னேனா?"

"நீங்க சொல்லல. அவராதான் செத்தாரு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணுமில்ல? கேக்காம கொள்ளாம எனக்காக ஒருத்தன் செத்தா, நான் ஆயுசுக்கும் அவன நெனச்சுக்கிட்டே கெடக்கணும். எனக்கு எதுக்குய்யா அந்தத் தலைவலி? அவர எழுந்திரிச்சு வேற வேலை இருந்தா பாக்கச் சொல்லு."

"அவர் எழுந்துட்டாரு, பிரதர்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கிரேன் டிரைவருக்குப் புரையேறியது. கொக்கிக்கே சிரிப்பு வந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "நான் கேக்கல. அதான் என் பேச்சு" என்று சொல்லிக் கை கழுவப் போனான்.

சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கிய முதல் கட்டு அது. குழாய்க் கட்டு மேலே எழும்பி மெதுவாக நகர்ந்தது. கொக்கி முன்னால் நடந்தான், ஸ்தோத்திரம் அவனுக்குப் பின்னால். ஒரு பக்கத்துப் பெல்ட் வழுக்கியது. கொக்கி அதைப் பார்க்கவில்லை. அவன் வலது தோளில் ஒரு கை பலமாக விழுந்தது. இடது பக்கம் போய் விழுந்தான். கிடங்கே இடிந்ததுபோல ஒரு சத்தம். எழுந்து பார்த்தபோது அவன் நின்ற இடத்தில் குழாய்கள் கிடந்தன. ஸ்தோத்திரத்தின் ஒரு செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

கை விழுந்ததற்கும் குழாய் விழுந்ததற்கும் நடுவில் ஒரு குரல் வந்தது. அதைக் கேட்டவன் கொக்கி ஒருவன்தான்.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். பெல்ட் எப்படி இருந்தது, யார் கை காட்டினார்கள், நீ எங்கே நின்றாய் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். கண்ணால் பார்த்ததையெல்லாம் கேட்டார்கள். காதால் கேட்டதை ஒருவரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஆனால் கிரேன் டிரைவர் மேலே இருந்து பார்த்திருந்தான். "வாய் அசைஞ்சுது. நான் பாத்தேன். அவன் வாயில வேற என்ன வந்திருக்கப்போவுது? இயேசுவேன்னுதான் சொல்லியிருப்பான்" என்றான். 'இருப்பான்' என்பது டீக்கடைக்குப் போகும்போது 'சொன்னான்' ஆகிவிட்டது. சபைக்குப் போகும்போது, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சொன்னான் என்று ஆகிவிட்டது. ஆண்டவருடைய பேரைச் சொல்லி உயிரை விட்ட பாக்கியவான் என்று மாடியில் பிரசங்கமே நடந்ததாம். கொக்கி கேட்டுக்கொண்டான். மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை.

அன்றிலிருந்துதான் இந்தத் தள்ளி நிற்பது. வலது தோளில் முதலில் ஒரு சூடு படும். அப்புறம் காதோரம் அந்தக் குரல். கால் தானாக நகர்ந்துவிடும். நகர்ந்த பிறகு எதுவும் விழாது. விழாமல் இருப்பதுதான் அவனை வாட்டியது. ஏதாவது விழுந்து தொலைத்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று தோன்றும். சாப்பாட்டு நேரத்தில் பிளேட் அடுக்கில் அவன் பக்கத்து இடத்தில் யாரும் உட்காருவதில்லை. யாரும் சொல்லிவைக்கவில்லை, அப்படி ஆகிவிட்டது. "நான் கேக்கல" என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பான்.

ஒருநாள் வேலை முடிந்து வெளியே வந்தபோது கேட் ஓரம் ஸ்தோத்திரத்தின் மனைவி நின்றிருந்தாள். அவன் செத்ததிலிருந்து கொக்கி அவள் முகத்தில் முழிக்காமல் ஒளிந்து திரிந்தான்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை சபைக்கு வரணும் நீங்க."

"நான் எதுக்குக்கா?"

"சாட்சி சொல்லணும். எல்லாரும் கேக்கணும்னு இருக்காங்க. நானும் கேக்கணும். நீங்கதான பக்கத்துல இருந்தீங்க."

கொக்கி வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவி எதிரில் உட்கார்ந்தான்.

"சபையில விசாரணை வெச்சிருக்காங்களாம். சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"சபையிலயா? அவங்க எதுக்கு விசாரிக்கிறாங்க?"

"தெரியல. சத்தியம் வாங்குவாங்கபோல. பைபிள்தான் அங்கயே இருக்கே."

ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்து, கம்பெனி விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போன அதே சட்டையைப் போட்டுக்கொண்டான். மனைவியும் கூட வந்தாள். டயர்க்கடை பூட்டியிருந்தது. மாடிப்படி முழுக்க ரப்பர் வாசம். மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. பெஞ்சு மாதிரி ஏதாவது போட்டு நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தான். அப்படி யாரும் இல்லை. "வாங்க பிரதர்" என்று ஒருவர் கையைப் பிடித்தார். கொக்கிக்கு உடம்பு கூசியது.

பாட்டு முடிந்தது. "சாட்சி சொல்றவங்க வரலாம்" என்றார் பாஸ்டர். ஒரு அம்மா எழுந்துபோய்த் தன் முதுகுவலி போனதைச் சொன்னாள். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். இதற்கு எதற்கு விசாரணை என்று கொக்கி முழித்தான். அடுத்து ஒருவர் எழுந்து, பிரிந்துபோன தம்பி வீடு தேடி வந்ததைச் சொன்னார். அதற்கும் ஸ்தோத்திரம். அப்போதுதான் கொக்கிக்கு மெல்ல உறைத்தது. இங்கே சாட்சி என்றால் வேறு. இவர்கள் குற்றம் கண்டுபிடிக்கக் கூப்பிடவில்லை, சந்தோஷப்படக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. குற்றம் கேட்டிருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம்.

"நம்ம சகோதரர் கடைசி மூச்சுல ஆண்டவர் நாமத்தச் சொன்னாரு. அதக் காதால கேட்ட பிரதர் இன்னிக்கு வந்திருக்காரு" என்று சொல்லி, பாஸ்டர் மைக்கை நீட்டினார். நல்ல மனுஷன். முகத்தில் வஞ்சகம் இல்லை.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் கை தட்டுவார்கள். அந்த அக்கா மீதிக் காலத்தை அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டிவிடுவாள். இல்லை என்றால் செத்தவன் பேர் கெட்டுப்போகும். முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, அவன் உதட்டையே பார்த்தாள். அப்படிப் பார்க்கிறவளிடம் பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பவில்லை.

"அவன் அப்படிச் சொல்லல" என்றான். மைக் கீச்சென்றது. "அது டிரைவர் மேல இருந்து பாத்துட்டுச் சொன்னது. கேட்டது நான்."

முன்வரிசையில் அவள் முந்தானையைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

"தள்ளுடா சனியனேன்னு சொன்னான்."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். பாஸ்டரின் கை மைக்கை வாங்க வந்து பாதியில் நின்றது. கொக்கி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அந்த வார்த்தைய விட்டுட்டேன்னு சொல்லியிருந்தான். என்னை வாங்க போங்கன்னுதான் பேசுவான். அன்னிக்கு மத்தியானம் அவன நான் கிண்டல் பண்ணினேன். எனக்குப் பதிலா யாரும் சாக வேணாம், நான் கேக்கலன்னு சொன்னேன். கேக்காமலே செஞ்சுட்டான். இப்ப என்னால எங்கயும் நேரா நடக்க முடியல. அவ்வளவுதான்."

முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாரு" என்றாள். "சபைக்கு வந்த பொறகு நிறுத்திட்டாரு. ஒருநாள் சோறு போடும்போது வாய் தவறி என்னையே சிஸ்டர்ன்னுட்டாரு. அன்னிக்கு நான் அழுதேன், தம்பி." பிறகு சிரிப்பு நின்றது. "கோவமாவா சொன்னாரு?"

"இல்லக்கா. பழைய மாதிரி சொன்னான்."

அவள் தலையை ஆட்டினாள். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கொக்கி மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனான்.

அடுத்த ஞாயிறும் அவன் போனான். ஏன் போனான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கடைசி வரிசையில் உட்காருவான், வலது பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டுவிடுவான். ஜெபம் பண்ணச் சொன்னார்கள். சபைத் தமிழ் அவனுக்கு வராது. "யோவ், நான் கேக்கல. ஆனா நீ செஞ்சுட்ட" என்று மட்டும் வாய்க்குள் சொல்வான். அது யாருக்குச் சொன்னது என்று அவனுக்கே பிடிபடவில்லை. "ஏத்துக்கிட்டீங்களா, பிரதர்?" என்று பாஸ்டர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏத்துக்கறதா? கேக்காமலே குடுத்துட்டாங்க, இனிமே திருப்பியா குடுக்க முடியும்?" என்றான். கொக்கி போடுவதற்குத்தான் வாயெடுத்தான். ஆனால் இந்தத் தடவை மாட்டிக்கொண்டது அவன்தான்.

அன்று மனைவியோடு வீட்டுக்குத் திரும்பும்போது டயர்க்கடையைத் தாண்டியதும் தோளில் அந்தச் சூடு பட்டது. இடது பக்கம் ஒரு எட்டு தள்ளி நின்றான். அவளும் அவனோடு தள்ளி நின்றாள். தெரு காலியாக இருந்தது.

"போயாச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. கூடத்தான் வர்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"வர்றானா, வர்றாரா?"

கொக்கி தங்கள் இருவருக்கும் வலது பக்கத்தில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு நடந்தான்.