கெல்மன் வீட்டுக் கதவு

மார்வின் கெல்மன் ஜெர்சி சிட்டி நகரசபையில் மூன்று முறை உறுப்பினராக இருந்தவர். யூதர், ஆனால் கறாரான யூதர் இல்லை. சனிக்கிழமை கார் ஓட்டுவார், இறாலும் சாப்பிடுவார். ஜர்னல் ஸ்கொயர் பக்கத்து வாடகை வீடுகளில் ஹீட்டர் நின்றுபோனால் வீட்டுக்காரருக்கு முன்னால் அவருக்குத்தான் ஃபோன் போகும். அந்தக் குளிரிலும் வந்து நிற்பார். அங்கே குடியிருக்கும் நம் தமிழ் ஆட்கள் அவரைக் கொண்டாடினார்கள். அதில் பாதிப் பேர் விசாவில் இருப்பவர்கள், ஓட்டுப் போட முடியாது. ஓட்டில்லாதவர்களுக்காக இப்படி அலைந்த அரசியல்வாதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிழைக்கத் தெரியாத மனுஷன்.

காஸாவில் போர் நிறுத்தம் கேட்டு அவர் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் தோற்றது. அடுத்து வந்த தேர்தலில் அவரும் தோற்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இத்தனை வருஷமாகப் போய்வந்த யூதக் கோயிலில், பக்கத்தில் உட்காருகிறவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவர் போவதையே நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. பேச்சுத்துணைக்கு மனைவி ஜூடித் மட்டும்தான். இந்த மார்ச்சில் அவளும் இறந்துபோனாள்.

யூதர் வீட்டில் சாவு விழுந்தால் ஏழு நாள் துக்கம். அந்த நாட்களில் வாசல் கதவைப் பூட்ட மாட்டார்கள். வருகிறவர்கள் மணி அடிக்காமல் தாங்களே திறந்துகொண்டு உள்ளே வரவேண்டும். துக்கத்தில் இருப்பவர் எழுந்துபோய் யாரையும் வரவேற்கக் கூடாது. கெல்மன் எந்தச் சம்பிரதாயத்தையும் கட்டிக்கொண்டு அழுதவர் இல்லை. ஆனால் ஜூடித்துக்கு இதெல்லாம் முக்கியம். அவளுக்காக இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் கோயிலிலிருந்து சிலர் வந்தார்கள், ஜெபம் சொன்னார்கள், போய்விட்டார்கள்.

அவர் எதிர்பார்த்திருந்தது நம் ஆட்களை. ஜூடித் இல்லாத வீட்டில் அவருக்கு மூச்சு முட்டியது. யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் நசுருதீனும் அவர் மனைவி சுலைகாவும் வந்தார்கள். அவர்கள் வீட்டு ஹீட்டருக்காக கெல்மன் கோர்ட்டு வரை போனவர். சுலைகா நெய்ச்சோறும் காய்கறிக் குருமாவும் செய்து எடுத்து வந்திருந்தாள். கறி போட்டால் அவருக்கு ஆகுமோ ஆகாதோ என்ற யோசனை. நசுருதீன் மணி அடித்தார். யாரும் வரவில்லை. இன்னொரு முறை அடித்தார்.

"கார் நிக்குதுங்க. உள்ளதான் இருக்காரு," என்றாள் சுலைகா. "கதவத் தள்ளிப் பாருங்களேன்."

"சும்மா இரு. ஓப்பன் பண்ணலைன்னா தனியா இருக்கணும்னு நெனைக்கிறாருன்னு அர்த்தம். ப்ரைவசி குடுக்கணும்."

"சாவு வீட்டுல என்னங்க ப்ரைவசி?"

ஊரில் என்றால் இதே நசுருதீன் முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்திருப்பார். அமெரிக்கா வந்து நாகரிகம் கற்றுக்கொண்டுவிட்டார் அல்லவா. சோற்றுப் பாத்திரத்தைத் திரும்பக் காரில் ஏற்றினார். வாட்ஸ்அப் குழுவில், கெல்மன் சார் யாரையும் பார்க்கும் நிலையில் இல்லை, தயவுசெய்து தொந்தரவு பண்ண வேண்டாம் என்று போட்டார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. வாரக் கடைசியில் போகலாம் என்றிருந்தவர்கள் அத்தனை பேரும் நல்ல மனசோடு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

உள்ளே கெல்மன் இரண்டு முறையும் மணியைக் கேட்டார். பேச்சுக் குரலும் கேட்டது. பாஷை புரியவில்லை, யாரென்று புரிந்தது. இதோ வந்துவிடுவார்கள் என்று எதிர் நாற்காலியில் கிடந்த பேப்பரை எடுத்து இடம் பண்ணினார். கார் கிளம்பும் சத்தம் கேட்டபோதுதான் அவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது என்பது உறைத்தது. அடுத்த முறை மணி அடித்தால் ஓடிப்போய்த் திறந்துவிட வேண்டும், ஜூடித் மன்னித்துக்கொள்வாள் என்று முடிவு செய்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

மீதி நாட்கள் முழுக்க அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கவே இல்லை.