அம்மை வந்த வீட்டிலிருந்து புற்றுச் செல்லுக்குத் தீனி

கும்மிடிப்பூண்டியில் என் வீட்டு மாடியில் மூன்று பெண்கள் குடியிருக்கிறார்கள். மூவரும் டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவர்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஒருத்தி இரும்புக் கம்பியை மெஷினில் மாட்டி, அறுகிற வரைக்கும் இழுத்து, எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்று பார்க்கிறாள். இன்னொருத்தி புற்றுநோய்ச் செல்லைப் புட்டியில் வளர்க்கிறாள். மூன்றாமவள் அரசியல் சட்டம். அவள் அறுப்பதும் இல்லை, வளர்ப்பதும் இல்லை. பேசுவாள்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் வீடு என்னுடையது. கம்பி உருட்டும் கம்பெனியில் அனலில் நின்று சம்பாதித்துக் கட்டியது. வாசல் கேட்டுக்கு உள்ளே என் பேச்சுதான்.

போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை, செல் வளர்க்கிறவள் முகமெல்லாம் முத்துப் போட்டு இறங்கி வந்தாள். பள்ளிப்பட்டுப் பெண். டாக்டரிடம் போனில் கேட்டு, மருந்துக் கடைக்காரரை மாத்திரையை வாசல் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்லி வாங்கினோம். நான் என் அறையில் வேப்பிலை பரப்பி அவளைப் படுக்க வைத்தேன். அம்மை வந்த வீட்டில் தாளிப்புக் கிடையாது, கவிச்சி கிடையாது. அம்மை இறங்கி மூன்றாம் தடவை தலைக்குத் தண்ணி ஊற்றுகிற வரைக்கும் வீட்டில் இருக்கிற யாரும் படி தாண்டக் கூடாது, வெளியாள் உள்ளே வரவும் கூடாது. அவளைப் பெற்ற நைனா ஊரிலிருந்து வருகிறேன் என்றதற்கும் அதையேதான் சொன்னேன்.

அவள் அழுதுகொண்டே இருந்தாள்.

"இன்னாடி, எரியுதா?"

"அது இல்லம்மா. செல்லுக்கு இன்னிக்குத் தீனி மாத்தணும். மாத்தலன்னா செத்துடும்."

"சாவட்டுமே. புத்துநோய்தானே அது?"

சட்டக்காரி சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை.

"மருந்து குடுத்தாலும் சாவாத செல்லும்மா. மருந்தக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்து மாசக்கணக்கா வளத்தேன். ஏன் சாவலன்னு பாக்கத்தான். இது செத்துப் பூட்டா முதல்லேர்ந்து வளக்கணும்."

அவளுடைய சார் கருத்தரங்குக்காக வெளிநாடு போயிருந்தார். கூட வேலை செய்கிறவள் பிரசவ லீவில் இருந்தாள்.

"நான் போறேன்," என்றாள் சட்டக்காரி. "எனக்குச் சின்ன வயசுலயே வந்து பூட்ச்சி."

"படி தாண்டக் கூடாது."

"எங்க வேணா போய் வர உரிமை சட்டத்துலயே இருக்குதும்மா."

"உன் சட்டம் கேட்டுக்கு அந்தாண்ட."

"சாமி கும்புடற உங்க உரிமையும் அதுலதான் இருக்குது."

"பாத்தியா, உன் வாயாலயே வருது."

அவளோடு பேசி மாளாது. ஆத்தாவையே கேட்டுவிடலாம் என்று, வெள்ளைப் பூ ஒரு வெற்றிலையிலும் சிவப்புப் பூ ஒரு வெற்றிலையிலும் மடித்து, அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. சட்டக்காரியையே எடுக்கச் சொன்னேன்.

சிவப்பு.

படுத்திருந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் மனசு கனத்தது. ஆனாலும் கேட்டது கேட்டதுதான். பிடித்த பதில் வருகிற வரைக்கும் பூப் போட்டுக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்கில்லை.

சட்டக்காரி அந்தப் பூவை அம்மன் படத்துக்கு முன்னாலேயே திருப்பி வைத்தாள்.

"அம்மா, ஆத்தாகிட்ட இன்னான்னு கேட்டீங்க?"

"இந்த ஊட்லேர்ந்து யாராச்சும் போலாமான்னு."

"கம்பிக்காரி ஊட்லயே இல்லியே. சனிக்கிழமையே அவங்க ஊரு ஆர்.கே.பேட்டைக்குப் பூட்டா. இன்னிக்கு அங்கேர்ந்து நேரா லேபுக்கு. அம்மை வந்த ஊட்ட அவ மிதிக்கவே இல்ல."

முன்னும் பின்னும் யோசித்துப் பார்த்தேன். ஆத்தா பேச்சை மீறுகிற இடம் எதுவும் தட்டுப்படவில்லை.

"சரி. இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லு. ஹாஸ்டல்ல தங்கிக்கட்டும்."

படுத்திருந்தவள் எழுந்து சாரிடம் போனில் அனுமதி வாங்கினாள். மத்தியானம் வீடியோவில் கம்பிக்காரி வந்தாள். கையுறை, முகமூடி, முன்னால் கண்ணாடிப் பெட்டி. எனக்கும் தெரியட்டும் என்று போனைச் சாய்த்துப் பிடித்தார்கள்.

"செல்லு மேல நேரா ஊத்தாத, பேந்து வந்துடும். ஓரமா உடுடி," என்றாள் இவள்.

"கம்பி அறுந்தா எனக்கு வேலை முடிஞ்சிது. இது பூட்ச்சின்னா நீ என்னை மெஷின்ல மாட்டி இழுப்ப."

"பேசாத. எச்சி தெறிக்கும்."

"இன்னா அது, செகப்புத் தண்ணி?" என்று கேட்டேன்.

"சத்துத் தண்ணிம்மா. கன்னுக்குட்டி ரத்தத்துலேர்ந்து எடுத்தது கொஞ்சம் கலந்திருக்கும்."

சட்டக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இப்ப இத சொல்லணுமா நீ?"

"அது இந்த ஊட்டுக்குள்ள வரலியே," என்றேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படியே தீனி போனது. நடுவில் ஒரு புட்டி கலங்கிவிட்டது. என்னவோ கிருமி புகுந்துவிட்டதாம். அதைக் கொட்டச் சொல்லிவிட்டாள். மற்ற புட்டிகளும் போய்விடும் என்றே நினைத்திருந்தாள். கஞ்சியும் வேண்டாம் என்றாள்.

இரண்டாம் தண்ணி ஊற்றிய மறுநாள் கம்பிக்காரி ஒரு படம் அனுப்பினாள். பூதக்கண்ணாடியில் வைத்து எடுத்தது. களத்தில் காயப் போட்ட நெல் மாதிரி, செல்கள் புட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. செத்திருந்தால் பேர்ந்து மிதக்குமாம். இவள் அதைப் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, பசிக்குது."

நான் மோரில் கூழ் கரைக்கப் போனேன்.