பின்தொடர்ந்து போய்ப் பார்த்த படங்கள்

அந்தச் செருப்பை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். பொள்ளாச்சியில் அளவு கொடுத்துத் தைத்த தடித்த மாட்டுத்தோல் செருப்பு. இடது காலின் குதிப்பக்கம் மட்டும் வெளிப்புறமாகத் தேய்ந்திருக்கும். எறணாகுளத்தில் படகுத்துறைக்குப் போகும் தெருவில், ஒரு பழைய ஓட்டு வீட்டின் படியோரம் அது கிடந்தது. மேலே பலகையில் மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு மலையாளம் பேச வரும், படிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். நின்று கூட்டிப் பார்த்தேன், மியூசியம் என்று முடிந்தது. கோர்ட்டுக்கு வந்த மனுஷனுக்கு மியூசியத்தில் என்ன வேலை? நானும் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் விட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் உள்ளே போனேன்.

செருப்புக்குச் சொந்தக்காரர் என் பெரியப்பா மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்தவன், அப்படிக் கூப்பிடுவதை நிறுத்தி அப்போது நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு பேர் தோட்டமும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் பொதுக்கிணறு. வாரத்தில் மூன்று நாள் அவர் முறை, மூன்று நாள் என் முறை, வெள்ளிக்கிழமை யாரும் இறைக்காமல் ஊற விடுவோம். எங்கள் அப்பாக்கள் பேசி வைத்த ஏற்பாடு அது. மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கரண்டு வந்தது, நான் மோட்டார் போட்டேன். என் மூன்று நாளில் அது கிணற்றை அடிமட்டம் வரை உறிஞ்சிவிடும். நாலாம் நாள் அண்ணன் மாடு பூட்டினால் தண்ணீர் மொள்ளும் சாலில் சேறுதான் ஏறி வரும். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். “என்ற மொறையில நான் என்ன வேணாப் பண்ணுவேன்” என்றேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை, கோர்ட்டுக்குப் போனார். மோட்டாரை எடுக்க வேண்டும் என்பது வழக்கு. எடுத்தால் என் கரும்பு முழுக்கக் காய்ந்துபோகும்.

சித்தூர், பாலக்காடு என்று ஒவ்வொரு படியாக ஏறி வழக்கு எறணாகுளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. “நீங்க வரவே வேண்டாம், தீர்ப்பானா லெட்டர் போடறேன்” என்று என் வக்கீல் சொன்னார். வர வேண்டாம் என்று ஒரு வக்கீல் சொன்னால் அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? நான் கோர்ட்டுத் தவணை ஒன்றுகூட விடாமல் போனேன். அண்ணனும் விடாமல் வந்தார். அது வேறு எனக்கு உறுத்தல். ஒரே பஸ்ஸில் பாலக்காடு, ஒரே ரயிலில் எறணாகுளம், அவர் முன் பெட்டியில், நான் பின் பெட்டியில். ஊரில் பங்காளிகளில் பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். யார் முதலில் வாயைத் திறந்தாலும் இறங்கி வந்துவிட்டான் என்று பேச்சாகிவிடும். அதனால் எதிரே பார்த்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவோம். கோர்ட்டில் பதினொரு மணிக்கெல்லாம் தள்ளி வைத்துவிடுவார்கள். திரும்பும் ரயில் சாயந்திரம்தான். நடுவில் இந்த மனுஷன் எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்ற யோசனையிலேயே எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் பின்தொடர ஆரம்பித்தேன்.

அந்த முதல் நாள், உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி என் வெறும் காலைப் பார்த்துச் சிரித்தான். “ஐயோ, செருப்பு ஊரேண்டா” என்றான். கழற்ற வேண்டியதில்லை என்று அர்த்தம். அண்ணனுக்கும் அதையே சொல்லியிருப்பான். ஆனால் ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, விளக்குப் போட்டு, கிட்டே வராதே என்று கயிறும் கட்டியிருந்தால் எங்கள் ஊர்க்காரன் செருப்போடு எப்படி நிற்பான்? கடைசி வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கழற்றிக்கொண்டுதான் இருந்தோம்.

மூன்றே அறை. பழைய காசுகள், துருப்பிடித்த வாள்கள், ஆள் உயரத்துக்கு ஒரு தாழி. அண்ணன் கடைசி அறையில் ஒரு பனையோலைச் சுவடியின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் தாழிக்குப் பின்னால் பதுங்கினேன். கால் மணி நேரம் நின்றார். கிணற்றுக்குப் பழைய பட்டயம் எதையோ கண்டுபிடித்துவிட்டார், தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் போனதும் காவலாளியை இழுத்து வந்து அதைப் படிக்கச் சொன்னேன். யானைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் கொடுக்க வேண்டிய மருந்து என்றான். நம்பிக்கை வரவில்லை. இரண்டாம் தரமும் படிக்கச் சொன்னேன்.

அப்புறம் ஒவ்வொரு தவணைக்கும் இதே வேலையாகப் போயிற்று. அந்த நகரத்தில் இத்தனை சின்னச் சின்னக் காட்சிகள் நடக்கும் என்று யார் கண்டது? ஒரு பள்ளிக்கூட ஹாலில் பழைய தபால்தலைகள். ஒரு லைப்ரரி மாடியில் மீனவர்களின் போட்டோக்கள். ஒரு வீட்டு முன்கூடத்தில் சித்திரம் படித்த பிள்ளைகள் போட்ட படங்கள். பேப்பரைப் பார்த்தோ, சுவரொட்டியைப் பார்த்தோ, அண்ணன் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். நான் செருப்பைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன். ஒரு படத்தில் சிவப்பையும் கறுப்பையும் தவிர ஒன்றுமே இல்லை. அண்ணன் அதன் முன் அரை மணி நேரம் நின்றார். அப்போது கைத்தறிச் சேலை கட்டிய ஒரு பெண் வந்து அவரிடம் பேசினாள். சரி, எதிரிக்கட்சி வக்கீலின் ஆள் இவள்தான், இடம் இதுதான் என்று முடிவு கட்டினேன். விசாரித்தால், அந்தப் படத்தைப் போட்டவளே அவள்தானாம். அவளும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் நின்று படம் பார்ப்பவனை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

வாசலில் வருகிறவர்கள் எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். அண்ணன் வெளியேறியதும் அதைப் புரட்டினேன். தமிழில், அவருடைய குண்டுக் கையெழுத்தில், ஊர்ப் பெயர் இருந்தது. எத்தனை பேர் என்ற கட்டத்தில் ‘2’ என்று எழுதியிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொருவன் யார்? அடுத்த தடவை லைப்ரரி மாடியில் பார்த்தேன், அங்கேயும் 2. கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான், என் கண்ணில் படாமல் வந்து போகிறான் என்று வீட்டில் சொல்லிப் புலம்பினேன். அவனைப் பிடிப்பதற்காகவே இன்னும் சில தவணைகள் கூடுதல் கவனத்தோடு போனேன். யாரும் அகப்படவில்லை.

நான் படங்களைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு மனுஷன் ஒன்றின் முன் அரை மணி நேரம் நின்றால், அவர் எதைப் பார்க்கிறார் என்று நாமும் பார்க்கத்தானே வேண்டும்? சூதைத் தேடிப் பார்த்ததில் வலை உலர்த்தும் கிழவரின் விரல்கள் கண்ணில் பட்டன, சிவப்புக்குள் இன்னொரு சிவப்பு இருப்பது தெரிந்தது. இன்றைக்கு எறணாகுளத்தில் இருக்கும் என் மகள் ஏதாவது கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனால், அப்பாவுக்கு இதெல்லாம் எப்படிப் பிடிபடுகிறது என்று ஆச்சரியப்படுகிறாள். ஒருவரை வேவு பார்க்கப் போய்க் கற்றுக்கொண்டேன் என்று அவளிடம் சொல்ல நாக்கு கூசுகிறது.

மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன், கிராமக் காட்சிகள் என்று ஒருவர் பெரிய பெரிய எண்ணெய்ச் சாயப் படங்கள் வைத்திருந்தார். எல்லோரும் கூடி நின்ற படத்தில் கவலை இறைப்பு. இரண்டு வெள்ளை மாடுகள் கிணற்றைப் பார்த்து முகம் வைத்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன, மேலே சால் நிறையத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கவலை இறைத்தவனுக்குத் தெரியும். மாடுகள் கிணற்றுக்கு முதுகைக் காட்டிச் சரிவில் கீழே இறங்கினால்தான் சால் மேலே வரும். மறுபடி பின்னாலேயே நடந்து மேடேறும்போது சால் காலியாக உள்ளே போகும். நகரத்து ஓவியருக்கு அது எங்கே தெரியும்? சுற்றி நின்றவர்கள் ஆகா என்றார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதே நேரம் முன்னால் நின்ற அண்ணனின் முதுகும் குலுங்கியது.

“மாட்டைத் திருப்பிப் பூட்டிப்போட்டான் பாரு” என்றார், திரும்பாமலே.

“அப்பறம் சாலு எப்பிடி மேல வந்துச்சாமா?” என்று என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தபடியே சொன்னார். “கேச நான் வாபஸ் வாங்கிக்கறேன். உன்ற மூணு நாளைக்கு நீ பாதிக் கெணறு எறச்சுக்க. என்ற மூணு நாளைக்கு அதே மோட்டார எனக்கும் ஓட்டி உடு. யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல.” நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டார்.

அந்த நிமிஷம் என் மனசு லேசாயிருந்தது என்பது உண்மை. தெருமுனை வரைக்கும் அப்படியே இருந்தது. அங்கே போனதும், இவர் ஏன் இறங்கி வருகிறார் என்று புழு குடைய ஆரம்பித்தது. தாம் தோற்கப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டிருக்கும் என்று தோன்றியது. நேராக என் வக்கீலிடம் ஓடினேன். அவர் பெருமூச்சு விட்டு, நம் பக்கம் அத்தனை பலமில்லை, அவர்கள் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம், சமாதானம் வந்தால் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். வேறொருவனாக இருந்தால் பிடித்துக்கொண்டிருப்பான். ஜெயிக்கப் போகிறவர் சமாதானம் பேசுகிறார் என்றால் விஷயம் இன்னும் பெரிது என்று நான் கணக்குப் போட்டேன். அடுத்த தவணைக்கு அந்த ஓட்டு வீட்டு மியூசியத்தின் படியில் அவர் எனக்காகவே நின்றுகொண்டிருந்தார். “கோர்ட்டே சொல்லட்டுமுங்க” என்றேன். அண்ணா என்ற சொல் வாய்க்கு வரவில்லை. சரி என்று தலையை ஆட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு நான் உள்ளே போகவில்லை.

தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அவர் ஆள் கூட்டி வருவதற்கு முன்னால் நானே மோட்டாரை மேலே ஏற்றி, நாலு பேர் பார்க்கத் தோட்டத்துச் சாளைக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுச் சாக்கைப் போர்த்தினேன். மறுநாள் காலையில், ஊரே பார்க்க, வரப்பு வழியாக நங்கை வந்தாள். அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“கொழுந்தனாரே, மோட்டாரத் திருப்பி எறக்கிப்போடுங்க. அன்னிக்குச் சொன்ன மாதிரியே பொதுவா வெச்சுக்கலாமுன்னு அவுரு சொல்லி உட்டாருங்க.”

“இதுக்குப் பின்னால என்னங்க நங்கெ இருக்குது?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். “பின்னால என்னங்க இருக்கும்? அவுரு வக்கீலும் வர வேண்டாமுன்னுதானுங்க சொன்னாரு. தம்பி வருவான்னுதானுங்க போவாரு. யானை மருந்து ஓலை, மீன்காரரு போட்டோ, எல்லாம் ஊட்டுக்கு வந்து சொல்லுவாருங்க. நானும் தம்பியும் பாத்தோமுன்னுதானுங்க சொல்லுவாரு.”

அப்போதுதான் அந்த 2 எனக்கு விளங்கியது. வெளியே வரும்போதெல்லாம் தன் செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்பை அவர் பார்த்திருப்பார் என்பது அத்தனை வருஷம் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. உடனே வரப்பைத் தாண்டி ஓடியிருக்க வேண்டும். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? இப்படிச் சொல்லச் சொல்லி அவர்தான் அனுப்பியிருக்கிறார், நான் இளகி வந்தால் ஊர் முன்னால் கெஞ்சினேன் என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். “யோசிக்கறேனுங்க” என்றேன். அவள் திரும்பிப் போனாள். என் கரும்பு காய்ந்தது. நானும் பழையபடி மாடு பூட்டினேன். வரப்புக்கு அந்தப் பக்கம் அவரும் மாட்டோடு மல்லுக்கட்டினார். யோசித்து முடிப்பதற்குள் மாசி வந்துவிட்டது.

அண்ணனுக்கு நெஞ்சுவலி என்று சொன்னார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்திருந்தது. எத்தனை கோர்ட்டு ஏறியிருந்தாலும் சாவுக்குப் பங்காளி போய்த்தான் ஆக வேண்டும். போனேன், ஆனால் வாசல்படி ஏறக் கால் வரவில்லை. கிணற்று மேட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மூத்த மகள், கல்யாணமாகிக் கோவிந்தாபுரத்தில் இருந்தவள், அழுது வீங்கிய முகத்தோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

“சித்தப்பா, இன்னிக்கு உங்க மொறைங்க. அப்பாவைக் குளிப்பாட்ட ரெண்டு கொடம் தண்ணி எடுத்துக்கட்டுங்களா?”

பழக்கதோஷம், அவள் முகத்தில் குத்தல் எதுவும் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நான் முடியாது என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்துதான் கேட்டிருக்கிறாள்.